பட்டோலை கொண்டவர்களும் பதிப்பித்தவர்களும்

1916-ஆம் ஆண்டு அடையாறு நூலகம் ஸ்ரீபாஞ்சராத்ர ஆகமத்தைச் சேர்ந்த அஹிர்புத்ந்ய ஸம்ஹிதையை இரண்டு பாகங்களாக நாகரி லிபியில் வெளியிட்டது. அதன் முகப்பேட்டில் இரு பெயர்கள் உள்ளன. பதிப்பித்தவர் அந்நூலகத்துப் பண்டிதரான எம்.டி. ராமாநுஜாசார்யர். அவருடைய பணியை மேற்பார்த்தவர் நூலகத்தின் இயக்குநராயிருந்த ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ ஷ்ராடர். அதே ஆண்டில் ஷ்ராடர் தம் பெயரில் ஆங்கிலத்தில் எழுதிய பாஞ்சராத்ர அறிமுக நூலும் அங்கிருந்தே வெளிவந்தது. பல்கலைக்கழகங்களில் பாஞ்சராத்ரத்தை ஆராயப் புகுவோர் இன்றளவும் முதலில் கையிலெடுப்பது அந்த அறிமுக நூலையே. மூலத்தைச் சோதித்துத் தந்த பண்டிதரோ அவர்களுக்குப் பெயரளவில் மட்டுமே தெரிந்தவர்.

இதைக் குறையாகச் சொல்லித் தீர்த்துவிடுவது எளிது. ஆனால் ஸம்ப்ரதாயத்தார் கையிலிருந்த ஸ்ரீகோசங்களும், பல்கலைக்கழகத்தார் கொண்டுவந்த ஆராய்ச்சி முறையும் ஒன்றையொன்று சந்தித்த வரலாறு அவ்வளவு எளிதன்று. இரு தரப்பும் கொடுத்தன. இரு தரப்பும் பெற்றன. யார் எதைக் கொடுத்தார், எந்த நியமனத்தின் பேரில் கொடுத்தார், கொடுத்தவர் பெயர் எங்கே நின்றது என்பவற்றை நூல்களின் முகப்பேடுகளைக் கொண்டே ஓரளவு ஆராயலாம்.

ஷ்ராடர் வருமுன் பாஞ்சராத்ர ஸம்ஹிதைகள் அச்சேறவில்லை என்று நினைப்பது தவறு. லக்ஷ்மீ தந்த்ரம் 1888-இலும் பாத்ம ஸம்ஹிதை 1891-இலும் மைசூரில் தெலுங்கு லிபியில் அச்சாயின. ஸாத்வத ஸம்ஹிதை 1902-இல் காஞ்சீபுரத்தில் நாகரியிலும், ஸ்ரீப்ரச்ந ஸம்ஹிதை 1904-இல் கும்பகோணத்தில் க்ரந்த லிபியிலும் வந்தன. தெலுங்கும் க்ரந்தமும் பெரும்பாலும் கையாளப்பட்டதன் காரணம் வெளிப்படை: இந்நூல்களை வாங்கினவர்கள் திருக்கோயில்களில் கைங்கர்யம் செய்த பட்டாசார்யர்களும் அர்ச்சகர்களுமே. அவர்களுக்கு இவை ஆராய்ச்சிப் பொருளல்ல. நாளை விடிந்தால் திருவாராதனத்துக்கு வேண்டிய ப்ரமாணம். முன்னுரை, பாடபேதம், சொல்லடைவு ஆகியவற்றை அவர்கள் கேட்கவுமில்லை, அச்சிட்டவர்கள் தரவுமில்லை. அஹிர்புத்ந்யப் பதிப்பு வந்தபோது லிபி மாறியது. அதனுடன் வாசகரும் மாறினர். வடதேசத்தாரும் ஐரோப்பியரும் படிக்கத்தக்க நாகரியில், சுவடிகளை ஒப்புநோக்கிய பாடத்தோடு ஒரு ஸம்ஹிதை கிடைத்தது. மறுபக்கத்தில், நாகரியில் பழக்கமில்லாத அர்ச்சகர் இல்லங்களில் அது ஓர் அந்நிய வஸ்துவாயிற்று.

அந்தப் பண்டிதர் செய்த பணி எத்தகையது என்பதை ஸம்ஹிதையைத் திறந்து பார்த்தாலே அறியலாம். அறுபது அத்யாயங்கள் கொண்ட அந்நூலில் ஸுதர்சந மந்த்ரம், யந்த்ரங்கள், அவற்றின் ப்ரயோகங்கள் ஆகியவை பெரும்பகுதி. மந்த்ரங்களை ஸம்ஹிதைகள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஸங்கேதப் பெயர்கள் உண்டு. அப்பெயர்களைக் கோத்தே ச்லோகம் அமைந்திருக்கும். எழுத்துகளைப் பிரித்தெடுத்து மந்த்ரத்தைச் சேர்ப்பது மந்த்ரோத்தாரம் எனப்படும். சுவடி பெயர்த்தெழுதினவர் ஓரெழுத்தைப் பிழைத்திருந்தால் மந்த்ரமே வேறாகும். இலக்கணமும் சந்தஸ்ஸும் சரியாயிருக்கும், பொருளும் தோன்றும், ஆனால் உபதேசம் பெற்றவர் காதுக்கு அது மந்த்ரமாகாது. இத்தகைய இடங்களில் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பெரும்பான்மை பார்த்து முடிவு செய்யும் முறை போதாது. மந்த்ரத்தை முன்னமே உபதேசமாகப் பெற்றவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். ஆக, மேற்பார்வை என்ற சொல் முகப்பேட்டில் இருந்தாலும், நூலின் இத்தகைய பகுதிகளில் யார் யாரை மேற்பார்க்க முடியும் என்பது சிந்திக்கத்தக்கது. ஷ்ராடரின் பெருமையையும் மறைக்கலாகாது. இருநூறுக்கு மேற்பட்ட ஸம்ஹிதைப் பெயர்களைத் திரட்டியதும், வ்யூஹம், சுத்தஸ்ருஷ்டி முதலான தத்த்வங்களை வேற்று மொழியாருக்கு முறைப்பட விளக்கியதும் அவர் செயலே. போர்க்காலத்தில் ஜெர்மானியர் என்பதனால் காவலில் வைக்கப்பட்டுப் பின்னர் தம் நாட்டில் கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அஹிர்புத்ந்யத்தின் இரண்டாம் பதிப்பு 1966-இல் வந்தபோது அதைத் திருத்தியவர் வே. க்ருஷ்ணமாசார்யர் என்னும் மற்றொரு பண்டிதர்.

பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்கு முன்பே, ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதும் உறவில் எழும் சிக்கல்களை நம் பூர்வாசார்யர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். அவற்றுள் இரண்டு இங்கே நினைக்கத்தக்கவை.

முதலாவது நஞ்ஜீயர் அருளிச்செய்த ஒன்பதினாயிரப்படி பற்றியது. ஜீயர் தம் வ்யாக்யானத்தை நன்றாக ஏடுபடுத்தித் தருமாறு நம்பூர் வரதராஜரிடம் ஒரே ஸ்ரீகோசத்தைக் கொடுத்தருளினார். அவர் தம் ஊருக்குப் போகையில் காவேரியைக் கடக்க நேர்ந்தது. ஸ்ரீகோசத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்துகையில் வெள்ளம் அதைக் கொண்டுபோயிற்று. ஜீயரிடம் கேட்டிருந்த அர்த்தங்களை நெஞ்சில் நிறுத்தி, வரதராஜர் முழுவதையும் எழுதி முடித்தார். தமிழில் வல்லவராகையால் சிலவிடங்களில் விசேஷார்த்தங்களும் சேர்ந்தன. ஜீயர் கடாக்ஷித்து, தம் திருவாக்கில் இல்லாதவை இருப்பதைக் கண்டு, நடந்ததைக் கேட்டறிந்து, அவரை அணைத்துக்கொண்டு 'நம்பிள்ளை' என்று பெயரிட்டருளினார் என்பது ப்ரஸித்தம். பெயர்த்தெழுத வந்தவரின் கை நூலில் பதிந்திருப்பதை மூலாசார்யரே கண்டு, அதை மறைக்காமல், அதற்காகவே பெயர் கொடுத்தார் என்பது இங்கு நோக்கத்தக்கது.

இரண்டாவது அந்த நம்பிள்ளைக்கே நேர்ந்தது. அவர் திருவாய்மொழிக்குப் பகலில் அருளிச்செய்த அர்த்தங்களை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் பட்டோலை கொண்டார். ஒருநாள் பிள்ளையின் திருமாளிகைக்கு எழுந்தருளிய நம்பிள்ளை அந்த ஓலைகளைக் கண்டார். ஏடுபடுத்தியதில் பிழை ஒன்றுமில்லை. சொன்னது சொன்னபடியே இருந்தது. ஆயினும் நியமனமின்றி எழுதப்பட்டதாகையால் அவற்றை வாங்கித் தம்மிடமே வைத்துக்கொண்டார். அவர் நியமனத்தின் பேரில் பெரியவாச்சான்பிள்ளை அருளிய இருபத்துநாலாயிரப்படியோ தடையின்றி உலாவியது. பட்டோலையானது பின்பு ஈயுண்ணி மாதவப்பெருமாளிடம் கொடுக்கப்பட்டு, ஈயுண்ணி பத்மநாபப்பெருமாள், நாலூர்ப்பிள்ளை, நாலூராச்சான்பிள்ளை, திருவாய்மொழிப்பிள்ளை என்று கைமாறி மணவாள மாமுனிகளை அடைந்தது. நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு அவர் அதைக் காலக்ஷேபம் ஸாதித்தபோதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி உலகத்துக்கு உரியதாயிற்று.

பிள்ளை எழுதியதை நம்பிள்ளை கிழித்தெறியவில்லை. தமதல்ல என்று மறுக்கவும் இல்லை. பறித்துக்கொண்ட பின்னும் எழுதினவர் பெயர் அழியவில்லை: இன்றும் ஈடு நம்பிள்ளையின் ஸ்ரீஸூக்தி என்றும், வடக்குத் திருவீதிப்பிள்ளையின் பட்டோலை என்றும் இருவர் பெயராலும் வழங்கப்படுகிறது. சொன்னவர், எழுதினவர், காத்தவர் எல்லோரையும் ஈட்டின் வரலாறு வரிசையாக நினைக்கிறது. எழுத்தின் உண்மையைக் காட்டிலும் எழுத அநுமதி இருந்ததா என்ற கேள்வி முன்னே நின்றது என்பதும் இதில் அடங்கும். ஒலிப்பதிவுக் கருவியோடும் படக்கருவியோடும் திருமாளிகைகளுக்கு வருகிற இக்கால ஆராய்ச்சியாளர் எதிர்கொள்ளும் கேள்வியும் இதுவே.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு பார்த்தால், 1931-இல் பரோடாவின் கெய்க்வாட் கீழ்த்திசை நூல்வரிசையில் வெளிவந்த ஜயாக்ய ஸம்ஹிதை தனியாக நின்று ஆராயத்தக்க பதிப்பு. அதன் பதிப்பாசிரியர் எம்பார் க்ருஷ்ணமாசார்யர்; முன்னுரை எழுதியவர் வரிசையின் பொதுப்பதிப்பாசிரியரான பினோய்தோஷ் பட்டாசார்யர். எம்பார் ஸ்வாமி 1926-இலேயே அதே வரிசையில் சாந்தரக்ஷிதரின் தத்த்வஸங்க்ரஹத்தைக் கமலசீலரின் பஞ்ஜிகையோடு பதிப்பித்தவர். எம்பாருடைய திருநாமத்தைப் பெயரில் தாங்கின ஸ்ரீவைஷ்ணவர் ஒரு பௌத்த க்ரந்தத்தை அச்சேற்றிக் காத்தார் என்பது, பண்டிதர்கள் தம் ஸித்தாந்தத்துக்கு வெளியே எதையும் தொடார் என்று சொல்லித் திரிவோர் அறியவேண்டிய செய்தி.

ஜயாக்யத்தின் தொடக்கத்தில் ஒரு பகுதி உண்டு. ஸ்ரீரங்கம், வேங்கடாத்ரி, ஹஸ்திகிரி, நாராயணாத்ரி என்னும் நான்கு திவ்யஸ்தானங்களை அது சொல்லும். ஸாத்வதம், பௌஷ்கரம், ஜயாக்யம் என்ற ரத்னத்ரயத்தையும், அவற்றை விரித்துரைப்பனவாகிய ஈச்வரம், பாரமேச்வரம், பாத்மம் என்பவற்றையும் முறையே யதுகிரிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஹஸ்திகிரிக்கும் உரியவையாக அது காட்டும். திருமலையில் நடப்பது வைகானஸம் என்பது எல்லோரும் அறிந்ததே. மற்ற மூன்று திவ்யதேசங்களிலும் கைங்கர்யபரர்களுக்கு இப்பகுதி வெறும் ச்லோகக் கூட்டமன்று. தம் கோயிலில் தாம் செய்யும் ஆராதனத்துக்கு எந்த ஸம்ஹிதை அடிப்படை என்பதற்கு இதுவே வாக்கு. பல்கலைக்கழக ஆராய்ச்சி நோக்கிலோ இது பிற்காலத்தில் தென்னாட்டில் சேர்க்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. பட்டாசார்யர் நூலின் காலத்தைக் கி.பி. 450-ஐ ஒட்டி வைக்கிறார். அவ்வளவு முற்பட்ட நூலில் இந்த திவ்யதேச விபாகம் எப்படி வந்தது என்று கேட்கத்தானே செய்வார்கள்.

எம்பார் ஸ்வாமி அப்பகுதியை நீக்கவில்லை. மூலத்தோடு கலந்து மறைக்கவும் இல்லை. 'அதிக பாடம்' என்ற தலைப்பிட்டு, அதற்குரிய இடத்திலேயே அச்சிட்டார். இந்த ஒரு சொல்லில் இரு தரப்பாருக்கும் இடம் கிடைத்தது. ஆராய்ச்சியாளர் அதைப் பிரித்துப் பார்க்கலாம். காஞ்சியில் கைங்கர்யம் செய்பவர் தம் ப்ரமாணத்தை அங்கேயே காணலாம். இது ஸமாதானத்துக்காகச் செய்த தந்திரம் என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியன்று. வ்யாக்யாதாக்கள் ஒரு பாசுரத்துக்குப் பாடபேதம் காணும்போது ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்வதோடு நில்லாமல், அந்தப் பாடமானபோது பொருள் இப்படி என்று இரண்டுக்கும் உரை அருளிச்செய்வது ஸம்ப்ரதாயத்தில் பழகிய வழி. அந்தப் பழக்கமுள்ள கையே அச்சிலும் அதிக பாடத்தைக் காத்தது. பல சுவடிகளை ஒப்புநோக்கும் மேல்நாட்டு முறையும் உரைமரபின் அடக்கமும் ஒரே பண்டிதரிடம் சேர்ந்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆராய்ச்சியின் முடிவுகள் எப்போதும் இப்படி இதமாக வந்து நிற்பதில்லை. 2009-இல் ஆக்ஸ்ஃபர்டு பேராசிரியர் அலெக்ஸிஸ் ஸாண்டர்ஸன் சைவ மந்த்ரமார்க்கத்தைப் பற்றிய தம் நீண்ட கட்டுரையில், இந்த ரத்னத்ரயமே சைவ தந்த்ரங்களின் செல்வாக்கில் அமைந்தது என்று வாதித்தார். கேட்டவுடன் நெஞ்சு கொதிப்பது இயல்பு. ஆனால் ஸ்ரீபாஞ்சராத்ரம் அவைதிகம் என்ற இதைவிடக் கடிய ஆக்ஷேபத்தை ஆளவந்தார் ஆகமப்ராமாண்யத்தில் எதிர்கொண்டார். எதிர்ப்பக்ஷத்தை அதன் முழு வலிவோடும் எழுதி வைத்த பிறகே பதில் அருளிச்செய்தார். அந்த ஆகமப்ராமாண்யத்தையே 1971-இல் டச்சு அறிஞர் வான் பாய்டெனென் சென்னையில் பதிப்பித்து மொழிபெயர்த்தார், 1976-இல் மு. நரஸிம்ஹாசாரி ஸ்வாமி பரோடா வரிசையில் பதிப்பித்தார். பின்னவர் சென்னைப் பல்கலைக்கழகத்து வைணவத் துறையை முதலில் தலைமை தாங்கி நடத்தியவர். ஆக்ஷேபம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தால் ஸமாதானமும் அங்கேயே, மூலங்களைக் கையிலெடுத்து எழுதப்பட வேண்டும். கூட்டம் போட்டுக் கண்டிப்பது ஆளவந்தார் வழியன்று.

1960களில் கூட்டுப்பணி வேறு வடிவம் எடுத்தது. அமெரிக்காவில் ஸிரக்யூஸ் பல்கலைக்கழகத்துச் சமயப் பேராசிரியர் ஹெச். டேனியல் ஸ்மித் சென்னையில் தங்கி, ஆலய நிர்மாணம் பற்றிய பாஞ்சராத்ர ஸம்ஹிதைப் பகுதியை 1963-இல் வெளியிட்டார். 1969-இல் திருவுருவ லக்ஷணங்களைப் பற்றிய தொகுப்பு பாஞ்சராத்ர பரிசோதன பரிஷத்தின் வழியே வந்தது. அதன் முகப்பில் ஸம்ஸ்க்ருத மூலங்களைத் திரட்டி அடைவு செய்வதில் துணைநின்றவராக கே.கே.ஏ. வேங்கடாசாரி ஸ்வாமியின் பெயர் இருக்கிறது. 1916-இல் பண்டிதர் பதிப்பாளர், பேராசிரியர் மேற்பார்வையாளர். 1969-இல் பேராசிரியர் ஆசிரியர், பண்டிதர் துணைவர். எது உயர்வு எது தாழ்வு என்று சட்டென்று சொல்ல முடியாது. ஆனால் துணைவராக நின்றவர் அங்கேயே நின்றுவிடவில்லை. ஆசார்யர்களின் மணிப்ரவாள இலக்கியத்தைப் பற்றி வேங்கடாசாரி ஸ்வாமி எழுதிய ஆங்கில நூல் 1978-இல் மும்பை அநந்தாசார்ய ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. வ்யாக்யானங்களின் நடையைப் பற்றி எழுதப் புகும் எந்த வெளிநாட்டாரும் இன்று அதைத் தாண்டிப் போக முடியாது.

ஸ்மித்தின் பெரும்பணி, அச்சான பாஞ்சராத்ர நூல்களை அத்யாயம் அத்யாயமாகச் சுருக்கிச் சொல்லும் விவரண அட்டவணை. பரோடா வரிசையில் 1975-இலும் 1980-இலும் இரு தொகுதிகளாக வந்தது. தெலுங்கிலும் க்ரந்தத்திலும் சிதறிக்கிடந்து, அச்சிட்ட ஊரிலேயே கிடைக்காமற்போன பழம்பதிப்புகளில் என்ன இருக்கிறது என்பதை ஒருவர் இருந்த இடத்திலிருந்தே அறியச் செய்தது அது. பரிஷத்தும் ஸீதா பத்மநாபன், ரா.ந. ஸம்பத் ஆகியோரைக் கொண்டு பாத்ம ஸம்ஹிதையை 1974-இலும் 1982-இலும் இரு பாகங்களாக வெளியிட்டது. ஸ்ரீப்ரச்ந ஸம்ஹிதையையும் 1969-இல் திருப்பதியில் பதிப்பித்தவர் ஸீதா பத்மநாபனே. ஆகமப் பதிப்புத் துறையில் ஒரு பெண்மணி முன்னின்றது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

அதே ஸ்மித் சென்னையில் இல்லத்துத் திருவாராதனம், உபநயனம், கோயில் திருமஞ்சனம் முதலியவற்றைப் படமாகவும் எடுத்தார். அமெரிக்க வகுப்பறைகளுக்காக ஆங்கில விளக்கத்தோடு அமைந்த படங்கள் அவை. இங்கே நம்பிள்ளையின் கேள்வி திரும்ப வருகிறது. நூலைப் பதிப்பிக்கும்போது பண்டிதர் தம் பெயரோடு நிற்கிறார். படத்தில் வருபவர் தம் திருமேனியோடு நிற்கிறார், பெயரோடு நிற்பது அரிது. ஆராதனத்தில் திரை சேர்க்கும் வேளை உண்டு. படக்கருவிக்கு அது தெரியாது, பிடிப்பவருக்குச் சொன்னால்தான் தெரியும். சொல்லவும், சொன்னால் கேட்கவும் இருபுறமும் பழக்கம் இருந்த இடங்களில் பணி நன்றாக நடந்தது.

அண்டைத் தேசமான கேரளத்தில் இது பெருவழக்காகவே வெடித்தது. பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃப்ரிட்ஸ் ஸ்டால் 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்தவர். நம்பூதிரிகளின் வேத பாராயணத்தைப் பற்றி 1961-இல் நூல் வெளியிட்டவர். அவர் முயற்சியால் 1975 ஏப்ரல் 12 முதல் 24 வரை பாஞ்ஞாள் கிராமத்தில் அதிராத்ர அக்நிசயனம் நடந்தது. பறவை வடிவில் ஐந்து அடுக்காகச் சிதி எழும்பியது. ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் கார்ட்னர் படமெடுத்தார். பசுவிஷயமாக எதிர்ப்பு எழவே, நம்பூதிரிகள் கூடி ஆலோசித்து வாழையிலையில் பொதிந்த பிஷ்டத்தைக் கொண்டு நடத்தினர். வெளியார் பணம் கொடுத்து நடந்தது யாகமா நாடகமா என்று மேல்நாட்டறிஞர் சிலர் பிற்பாடு வாதித்தனர். அது அவர்கள் கவலை. செய்வதா, எப்படிச் செய்வது என்பதை வைதிகர்களே தீர்மானித்தார்கள் என்பதே இங்கு வேண்டுவது. 1983-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த நூலின் முகப்பில் ஸ்டாலோடு சேர்ந்து பணிசெய்தவர்களாக சி.வி. ஸோமயாஜிப்பாடு, எம். இட்டி ரவி நம்பூதிரி ஆகிய இருவர் பெயர்களும் உள்ளன. மேற்பார்வை, துணை என்பவற்றைக் கடந்து 'உடன்' என்ற இடத்துக்கு முகப்பேடு வந்து சேர எழுபது ஆண்டுகள் பிடித்தன.

வைகானஸ ஆகமத்தில் பணிசெய்த ஜெரார் கோலாஸ், ஊட்டே ஹ்யூஸ்கென் ஆகியோர் நூல்கள் முறையே 1996-இலும் 2009-இலும் வந்தன. பின்னவருடைய நூல் விஷ்ணுபலி என்னும் கர்ப்ப ஸம்ஸ்காரத்தையும், வைகானஸர்களுக்குப் பஞ்சஸம்ஸ்காரம் வேண்டுமா வேண்டாவா என்ற பழைய விவாதத்தையும் ஆராய்கிறது. கர்ப்பவைஷ்ணவத்வம் பற்றிய அந்த விவாதம் திருக்கோயில் உரிமைகளைத் தொடுவது, இன்னும் ஓயாதது. இத்தகைய இடத்தில் வெளியார் எழுதும் நூல் நூலாக மட்டும் இராது. ஒருவர் கையில் சாசனமாகவும் மற்றவர் கையில் ஆயுதமாகவும் மாறும். சமூகத்தோடு சேர்ந்து ஆராய்வது என்றால் எந்தச் சமூகத்தோடு என்ற கேள்வி அப்போது பிறக்கிறது.

திவ்யப்ரபந்த வ்யாக்யானத் துறையில் பல்கலைக்கழகம் செய்த பேருதவி சென்னையிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப்பணி செய்த பி.ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டின் தமிழாக்கத்தைப் பத்துத் தொகுதிகளாக எழுத, பல்கலைக்கழகமே வெளியிட்டது. மணிப்ரவாளத்தைப் பிரித்துத் தமிழாக்கினால் ஸ்வாரஸ்யம் குறையும் என்று சொன்னவர்கள் உண்டு, குறையத்தான் குறைந்தது. நம்பிள்ளையின் பேச்சில் உள்ள துள்ளல் தமிழாக்கத்தில் நடையாகிவிடுகிறது. ஆனால் காலக்ஷேபத்துக்கு வாய்ப்பில்லாத தமிழாசிரியர்களும் மாணவர்களும் ஈட்டுக்குள் புகுந்தது அதன் வழியேதான். ஓராண்வழியாய் வந்ததை எம்பெருமானார் திறந்துவிட்டார் என்று மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் கொண்டாடுவதை ஓதுகிறவர்கள் இதைக் குறைசொல்ல இயலாது.

2014 முதல் 2019 வரை ஐவா வில்டன் அம்மையார் தலைமையில் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுக் கீழ்த்திசைப் பள்ளியும் சேர்ந்து நடத்திய தமிழ்ச் சுவடி ஆராய்ச்சிக்குக் 'கையிலிருந்து கைக்கு' என்ற பொருளில் பெயரிட்டிருந்தார்கள். ஈடு வந்த வழி தெரிந்தவர்களுக்கு அப்பெயர் புதிதாகத் தோன்றாது. உரைமரபுகளின் மொழிநடை பற்றி 2020-இல் அத்திட்டத்திலிருந்து வந்த கட்டுரைத் தொகுதியை ஸுகன்யா ஆநந்தகிச்சேனினும் விக்டர் டி'அவெல்லாவும் பதிப்பித்தனர். வ்யாக்யானங்களை வரலாற்றுக்குச் சான்றாக மட்டும் புரட்டாமல், அவற்றின் வாக்யங்களையே உட்கார்ந்து வாசிக்கும் வழக்கம் வெளிநாட்டு ஆராய்ச்சியில் வேரூன்றியிருக்கிறது. அப்படி வாசிக்கச் சொல்லிக்கொடுக்கப் பண்டிதர் வேண்டும். ஈட்டில் ஒரு பங்க்தி எங்கே கேள்வி, எங்கே பதில், எங்கே பட்டர் நிர்வாஹம் என்று பிரித்தறிவது அகராதியால் வருவதன்று.

மீதமிருப்பது மொழியின் விஷயம். ஸ்ரீரங்கத்தில் 1953-இல் கோவிந்தாசார்ய ஸ்வாமி பாரமேச்வர ஸம்ஹிதையைப் பதிப்பித்தார். நம்பெருமாளின் நித்யோத்ஸவமும் பக்ஷோத்ஸவமும் எதன்படி நடக்கின்றனவோ அந்த ஸம்ஹிதை அது. அதைப் பற்றிய விரிவான ஆராய்ச்சி நூல் 2006-இல் வியன்னாவில் வெளிவந்தது. மரியோன் ராஸ்டெல்லி எழுதியது, ஜெர்மன் மொழியில் உள்ளது. எந்தத் திருமுற்றத்தில் அந்த ஸம்ஹிதை நாள்தோறும் அநுஷ்டானத்தில் இருக்கிறதோ அங்குள்ளவர்கள் அதைத் திறந்து படிக்க வழியில்லை. மேல்கோட்டையில் இவ்விஷயம் சற்று மாறியது. ம.அ. லக்ஷ்மீதாதாசார் ஸ்வாமி, வ. வரதாசாரி ஸ்வாமி ஆகியோர் உழைப்பில் ஈச்வர ஸம்ஹிதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் ஐந்து தொகுதிகளாக 2009-இல் தில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்திலிருந்து வந்தது. யதுகிரிக்குரிய ஸம்ஹிதையை யதுகிரியைச் சேர்ந்தவர்களே சோதித்து, மற்ற தேசத்தார் மொழியிலும் தந்தார்கள்.

ஸம்ஹிதைகளுக்கு இப்படிப் பதிப்பும் அட்டவணையும் வந்துவிட்டன. ப்ரயோகக் கையேடுகளுக்கு வரவில்லை. பவித்ரோத்ஸவத்துக்கும் ஸம்ப்ரோக்ஷணத்துக்கும் அர்ச்சகர் இல்லங்களில் தாத்தா எழுதிப் பேரன் கையாளும் அந்தக் குறிப்பேடுகள் க்ரந்தத்தில், கோடிட்ட காகிதத்தில், மசி மங்கிக் கிடக்கின்றன. ஸம்ஹிதையில் ஒரு ச்லோகம் சொல்வதை இந்தக் கோயிலில் எந்த வேளையில், எத்தனை கும்பங்களோடு, யார் கையால் செய்கிறார்கள் என்பது அவற்றில் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. ஓலையல்லாததால் சுவடி தேடி வருவோர் கண்ணில் அவை படுவதில்லை. நாள்தோறும் வேண்டியவையாதலால் இல்லத்தார் இரவல் கொடுக்கவும் தயங்குவர். கேட்டு வருபவர் அந்த இல்லத்திலேயே உட்கார்ந்து, எழுதினவர் பெயரை முதலில் எழுதிக்கொண்டு, படி எடுத்து, மூலத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறவராயிருந்தால் பல இல்லங்களில் கதவு திறக்கும்.